மரியா ஆவதற்கு முன்: சோனியா மன்சானோவின் தன்வரலாறும் அல்மாவின் நின்று யோசிக்கும் நொடியும்

'செசமி ஸ்ட்ரீட்' படப்பிடிப்புத் தளத்துக் கதைகள் கிடைக்கும் என்று 'பிகமிங் மரியா'வை வாங்குகிறவர்கள் கடைசிப் பக்கத்தில் ஏமாந்துபோவார்கள். அமெரிக்கக் குழந்தைகள் தொலைக்காட்சித் தொடரான 'செசமி ஸ்ட்ரீட்'டில் 44 ஆண்டுகள் மரியாவாக வந்த சோனியா மன்சானோவின் தன்வரலாறு இது. ஆனால் அந்த வேலை கிடைக்கும் கட்டம் வந்ததுமே புத்தகம் மூடிக்கொள்கிறது. பிக் பேர்ட் என்ற பெரிய பறவைப் பொம்மையோடு பேசிய அனுபவம், குப்பைத் தொட்டிக்குள் குடியிருக்கும் ஆஸ்கர் என்ற பொம்மையோடு மல்லுக்கட்டிய நாட்கள், உடன் நடித்தவர்களைப் பற்றிய துணுக்குகள் எல்லாம் தேடினாலும் அகப்படாது. தலைப்பை நிதானமாகப் படித்தால் விஷயம் அங்கேயே இருக்கிறது. மரியா ஆன கதை இது, மரியாவாக இருந்த கதை இல்லை.

இதைக் குறையாகச் சொல்கிறோமா, சிறப்பாகச் சொல்கிறோமா என்றால் இரண்டும்தான். புகழுக்கு முந்தைய இருபது ஆண்டுகளை மட்டும் எடுத்துக்கொண்டதால் புத்தகத்துக்குக் கூர்மை வந்திருக்கிறது. அதே காரணத்தால் மன்சானோவின் இன்னொரு பாதி, அதாவது எழுத்தாளர் மன்சானோ, இதில் கிட்டத்தட்ட இல்லை. அந்தப் பாதி வேண்டுமென்றால் அவர் உருவாக்கிய 'அல்மாஸ் வே' என்ற கார்ட்டூன் தொடரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். அதனால்தான் இரண்டையும் ஒரே மதிப்புரையில் பார்க்கிறோம்.

முதலில் புத்தகம். 2015இல் ஸ்காலஸ்டிக் நிறுவனம் வெளியிட்டது. முந்நூறு பக்கத்துக்குள் அடங்கும். துணைத்தலைப்பைத் தமிழில் சொன்னால் 'தெற்கு பிராங்க்சில் அன்பும் அமளியும்' என்று வரும். பிராங்க்ஸ் நியூயார்க் நகரின் ஒரு பகுதி. கடைகளில் இளையோர் அலமாரியில்தான் இருக்கும். முதல் எச்சரிக்கையும் அதைப் பற்றியதே. 'செசமி ஸ்ட்ரீட் மரியா' என்ற அடையாளத்தைப் பார்த்துவிட்டு எட்டு ஒன்பது வயதுக் குழந்தைக்கு வாங்கித் தந்துவிடாதீர்கள். குடித்துவிட்டு வந்து அம்மாவை அடிக்கும் அப்பா இதில் ஒரு காட்சியோடு போகிறவர் இல்லை, புத்தகம் நெடுகவும் வருகிறார். கதவு உடைவது, சாமான் பறப்பது, அம்மா பிள்ளைகளை இழுத்துக்கொண்டு வெளியேறுவது, பிறகு திரும்பி வருவது எல்லாமே சிறுமியின் கண்மட்டத்தில் இருந்து சொல்லப்படுகின்றன. பதின்மூன்று வயதுக்கு மேல் சரியாக இருக்கும். அந்த வயதிலும் பெரியவர் ஒருவர் முன்கூட்டியே படித்து வைத்திருப்பது நல்லது.

மன்சானோ 1950 ஜூன் 12 அன்று நியூயார்க்கில் பிறந்தவர். பெற்றோர் அமெரிக்க ஆட்சிக்கு உட்பட்ட கரீபியன் தீவான புவெர்ட்டோ ரிக்கோவில் இருந்து வந்தவர்கள். அப்பாவுக்குக் கூரை போடும் வேலை, அம்மாவுக்குத் தையல் வேலை. இங்கே ஒரு விவரம் தெரிந்திருந்தால் புத்தகம் எளிதாகப் பிடிபடும். புவெர்ட்டோ ரிக்கோ மக்கள் 1917 முதல் அமெரிக்கக் குடிமக்கள். ஆகவே கள்ளத்தனமாக எல்லை தாண்டிய கதை, விசா கதை எதுவும் இங்கே எழாது. சொந்த நாட்டுக்குள்ளேயே அந்நியராக நடத்தப்படுவதுதான் இவர்களுடைய சிக்கல். கையில் குடியுரிமை இருக்கிறது, வாயில் ஸ்பானிஷ் இருக்கிறது, குடியிருப்பது தெற்கு பிராங்க்சின் நெருக்கடியான அடுக்குமாடி வீடு. ஐம்பதுகளில் தொலைக்காட்சியைத் திருப்பினால் புல்வெளி வைத்த வெள்ளை வீடுகளும், கோபமே வராத அப்பாக்களும் மட்டும் தெரிவார்கள். அந்தப் பெட்டிக்குள் தன்னைப் போல ஒரு முகமும் இல்லாததை அந்தச் சிறுமி கவனித்துக்கொண்டே இருக்கிறாள். பின்னாளில் அவர் செய்த அத்தனை வேலைக்கும் விதை இந்தக் கவனிப்புதான்.

தொடக்கப் பகுதி துண்டு துண்டாக வருகிறது. குழந்தையின் நினைவு எப்படி இருக்குமோ அப்படி. ஒரு சத்தம், ஒரு அறை, ஒரு சண்டை, சட்டென்று வேறொரு வீடு. காரண காரியம் எதையும் ஆசிரியர் விளக்குவதில்லை. அந்த வயதில் அவருக்கே விளங்காததை வாசகருக்கு மட்டும் ஏன் விளக்க வேண்டும் என்ற கணக்கு. உத்தி சரிதான், ஆனால் படிப்பவருக்குச் சிரமம். உறவினர் கூட்டம் பெரிது. யார் யாருக்கு என்ன முறை என்பது பல பக்கம் தாண்டித்தான் தெளிகிறது. முதல் ஐம்பது பக்கத்துக்குள் புத்தகத்தைக் கீழே வைத்துவிடுகிறவர்கள் இந்த இடத்தில்தான் வைப்பார்கள். ஒரு துண்டுத் தாளில் பெயர்களையும் உறவுமுறையையும் குறித்துக்கொண்டே போனால் போதும். சிறுமி வளர வளர வாக்கியங்களும் அத்தியாயங்களும் நீள்கின்றன, கதை தானாக நேர்க்கோட்டுக்கு வந்துவிடுகிறது.

ஸ்பானிஷ் சொற்கள் ஏராளம். பெரும்பாலானவை சூழலிலேயே பொருள் தந்துவிடும். உறவுப் பெயர், சாப்பாட்டுப் பெயர், வசவு இவ்வளவுதான். அகராதியைப் புரட்டத் தேவையில்லை. ஒலிப்புத்தகமும் இருக்கிறது, மன்சானோவே வாசித்திருக்கிறார். அம்மாவின் பேச்சுக்கு ஒரு குரல், அப்பாவுக்கு வேறொரு குரல் என்று நடிகைக்கே உரிய லாகவம் அதில் கிடைக்கும். ஸ்பானிஷ் உச்சரிப்புக்கும் கவலையில்லை. ஆனால் முன்னே சொன்ன துண்டுத் துண்டான பகுதியைக் கேட்டு மட்டும் தொடர்வது கடினம், பின்னால் புரட்டிப் பார்க்க வழியில்லை. முதல் பகுதியை அச்சில் படித்துவிட்டு மீதியைக் கேட்பதே நல்ல வழி.

புத்தகத்தின் நடுவில் ஒரு இடம் வருகிறது. அதற்காகவே இதை வாங்கலாம். பள்ளி ஆசிரியர் ஒருவர் மாணவர்களை 'வெஸ்ட் சைட் ஸ்டோரி' படத்துக்கு அழைத்துப் போகிறார். 1961இல் வந்த படம். நியூயார்க்கில் வாழும் புவெர்ட்டோ ரிக்கோ மக்களைப் பற்றிய கதை. தினமும் பார்த்துச் சலித்த தீப்படிகளும் (தீ விபத்தில் இறங்கித் தப்பிக்கச் சுவருக்கு வெளியே இருக்கும் இரும்புப் படிகள்) செங்கல் சுவர்களும் பெரிய திரையில் அழகாக இருக்கின்றன. தன் வீட்டைச் சுற்றி இருக்கும் அழுக்குக்குள் கலைக்கு இடமிருக்கிறது என்பது அந்தப் பெண்ணுக்கு அன்றுதான் உறைக்கிறது. அந்தப் படத்தின் கதாநாயகி பெயரும் மரியா. அதில் நடித்த நட்டாலி வுட் லத்தீன் அமெரிக்க வம்சாவளியைச் சேர்ந்தவர் அல்லர். பத்து ஆண்டு கழித்து இன்னொரு மரியா, இந்த முறை உண்மையிலேயே புவெர்ட்டோ ரிக்கோ குடும்பத்துப் பெண், அமெரிக்க வீடுகளுக்குள் நுழைந்தாள். இதை மன்சானோ சுட்டிக்காட்டி விளக்கெல்லாம் போடவில்லை. தலைப்பை மறுபடி பார்க்கும்போது நமக்கே தோன்றும்.

அடுத்து வருவது மன்ஹாட்டனில் இருந்த நிகழ்த்துகலை உயர்நிலைப் பள்ளி. நடிப்புத் தேர்வில் தேறி இடம் கிடைக்கிறது. இங்கேதான் புத்தகம் மற்ற 'கஷ்டப்பட்டு முன்னேறிய' கதைகளில் இருந்து விலகுகிறது. பிராங்க்ஸ் பள்ளியில் கெட்டிக்காரியாக இருந்தவர் இங்கே பாடங்களில் திணறுகிறார். காரணம் மூளை இல்லை, இதுவரை அவருக்குச் சொல்லித்தந்தது போதவில்லை. ஏழைப் பேட்டைப் பள்ளியில் முதல் மதிப்பெண் என்றால் என்ன அர்த்தம், ஊருக்கு நடுவில் இருக்கும் பள்ளியில் அதே மதிப்பெண்ணுக்கு என்ன அர்த்தம் என்ற வித்தியாசத்தை ஒப்பாரி வைக்காமல் சொல்கிறார். பின்னாளில் குழந்தைகளுக்கு எழுதத் தொடங்கியபோது 'யோசிக்கக் கற்றுக்கொடு' என்பதை ஏன் அவ்வளவு பிடிவாதமாகப் பிடித்துக்கொண்டார் என்பதற்கான விடை இந்தப் பக்கங்களில் இருக்கிறது.

கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் உதவித்தொகையோடு நாடகம் படித்தார். அங்கே ஒரு மாணவர் பட்டத்துக்காகத் தயாரித்த நாடகம் 'காட்ஸ்பெல்' என்ற இசை நாடகம் ஆயிற்று. 1971இல் நியூயார்க்கில் அது மேடையேறியபோது முதல் குழுவில் மன்சானோவும் இருந்தார். அந்தக் குழுவின் இசைத்தட்டில் 'டர்ன் பேக், ஓ மேன்' பாடலைப் பாடியவர் அவர்தான். மரியாவை மட்டும் அறிந்தவர்கள் இதைக் கேட்டால் திகைப்பார்கள். அவ்வளவு குறும்பான, கிறங்கடிக்கும் குரல். புத்தகத்தைப் படித்துக்கொண்டிருக்கும்போது இந்தப் பாட்டை ஒருமுறை கேட்டுவிட்டு மேலே போவது நல்லது.

பல்கலைக்கழகத்தின் மாணவர் மையத்துத் தொலைக்காட்சியில்தான் அவர் முதன்முதலில் 'செசமி ஸ்ட்ரீட்' பார்த்தார். நடிகர் ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸ் கேமராவை முறைத்துக்கொண்டு எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சொல்கிறார். அடுத்து சூசன், கார்டன் என்ற கறுப்பினத் தம்பதி வருகிறார்கள். பின்னால் தெரிவது பிராங்க்ஸ் போலவே ஒரு தெரு. தொலைக்காட்சிப் பெட்டிக்குள் தன் தெருவைத் தேடிய சிறுமிக்கு இருபது வயதில் அது கிடைக்கிறது. சில ஆண்டுகளுக்குள் அவரே அந்தத் தெருவில் நிற்கப்போகிறார் என்பது நமக்குத் தெரியும், அவருக்கு அப்போது தெரியாது. இந்த இடைவெளியை மன்சானோ நன்றாகப் பயன்படுத்துகிறார்.

பிறகு திரை விழுந்துவிடுகிறது.

விழுந்த திரைக்குப் பின்னால் இருப்பதைச் சுருக்கமாகவாவது தெரிந்துகொண்டால்தான் 'அல்மாஸ் வே' எங்கிருந்து வந்தது என்பது புரியும். 'செசமி ஸ்ட்ரீட்' 1969 நவம்பர் 10 அன்று தொடங்கியது. கறுப்பினக் குழந்தைகளை மனத்தில் வைத்துச் செய்தீர்கள், எங்கள் குழந்தைகள் எங்கே என்று லத்தீன் அமைப்புகள் கேட்டன. அந்தக் குரல்களுக்குப் பிறகுதான் 1971இல் மன்சானோவும், லூயிஸ் வேடத்துக்கு எமிலியோ டெல்காடோவும் சேர்க்கப்பட்டார்கள். அதே ஆண்டு ரவுல் ஜூலியாவும் கொஞ்ச காலம் ரஃபேல் என்ற பாத்திரத்தில் வந்தார். தொடரில் வரும் பழுது பார்க்கும் கடைக்கு முதலில் 'எல் அண்ட் ஆர்' என்று பெயர் இருந்தது அதனால்தான்: லூயிஸும் ரஃபேலும். இதே தயாரிப்பு நிறுவனம் அதே 1971இல் தொடங்கிய 'தி எலெக்ட்ரிக் கம்பெனி' என்ற குழந்தைகள் தொடரில் 'வெஸ்ட் சைட் ஸ்டோரி'யின் ரீட்டா மொரேனோ நடித்தார். பிராங்க்ஸ் சிறுமி திரையில் பார்த்த நடிகையும் அந்தச் சிறுமியும் ஒரே நிறுவனத்தில் வேலை பார்த்தார்கள்.

முதல் நாள் ஒப்பனை பற்றி மன்சானோ பேட்டிகளில் சொல்லும் விஷயம் ஒன்று உண்டு. தயாரிப்பாளர் ஜான் ஸ்டோன் அவருடைய பூசிய முகத்தைப் பார்த்துவிட்டு ஒப்பனைக்காரரைக் கடிந்துகொண்டாராம். நிஜமான ஒரு ஆளைத் தேடிப் பிடித்துக் கொண்டுவந்தால் பொம்மையாக்கிவிட்டீர்களே என்று. தொலைக்காட்சியில் லத்தீன் பெண் என்றாலே அலங்காரம் தூக்கலாக இருந்த காலம் அது. மரியாவோ கால்சட்டை போட்டுக்கொண்டு ரொட்டி வாட்டும் இயந்திரத்தைக் கழற்றி மாட்டினாள். அவளுடைய தொழில் அதுதான், நகைச்சுவைக்காக ஒருநாள் செய்த வேலை இல்லை. சாப்ளின் வேடம் போட்டு மௌனக் காட்சிகளிலும் நடித்தார். மன்சானோவின் நடிப்புத் திறமையைப் பார்க்க வேண்டுமென்றால் அவற்றைத்தான் தேட வேண்டும். வசனமே இல்லாததால் எந்த ஊர்க் குழந்தைக்கும் காட்டலாம்.

லத்தீன் குடும்பங்களைப் பற்றிய பகுதிகள் ஒப்புக்கு எழுதப்படுகின்றன என்ற குறை அவருக்கு இருந்தது. எண்பதுகளின் தொடக்கத்தில் அவரே எழுதத் தொடங்கினார். இங்கே பல இடங்களில் தவறாக அச்சாகும் ஒரு விவரத்தைச் சரிசெய்துவிடலாம். '15 எம்மி விருது பெற்ற நடிகை' என்று எழுதுகிறார்கள். எம்மி என்பது அமெரிக்கத் தொலைக்காட்சி விருது. அந்தப் பதினைந்தும் எழுத்துக் குழுவில் ஒருவராகப் பெற்றவை. நடிப்புக்கு இரண்டு முறை பரிந்துரைக்கப்பட்டார், விருது வரவில்லை. 2016இல் வாழ்நாள் சாதனைக்கான பகல்நேர எம்மி தனியாக வந்தது. நடிகையாக உலகம் கொண்டாடிய ஒருவருக்கு விருதுகள் பேனாவுக்குத்தான் குவிந்திருக்கின்றன. தன்வரலாற்றில் அந்தப் பேனா இல்லாததை நாம் பெரிய குறையாகச் சொல்வது இதனால்தான்.

அந்த எழுத்து வேலை நினைத்த மாதிரி எழுதிவிட்டுப் போகிற வேலை இல்லை. எழுத்தாளர்கள் ஒரு பக்கம், கல்வி ஆய்வாளர்கள் ஒரு பக்கம், தயாரிப்பாளர்கள் ஒரு பக்கம் உட்கார்ந்து அந்தப் பருவத்தில் (சீசனில்) எதைச் சொல்லித்தர வேண்டும் என்று முதலில் பட்டியல் போடுவார்கள். பழைய நாட்களில் ஒரு பருவத்துக்கு 130 பகுதிகள், ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம். தெருவில் நடக்கும் கதை நடுநடுவே வந்து போகும், இடையில் எழுத்து, எண், பாட்டு, பொம்மை எல்லாம் செருகப்படும். கதையின் ஒவ்வொரு துண்டும் சில நிமிடத்துக்குள் தன் காலில் நிற்க வேண்டும், அடுத்த துண்டுக்குக் குழந்தையை இழுத்துக்கொண்டும் போக வேண்டும். 1988இல் மரியாவும் லூயிஸும் திருமணம் செய்துகொண்டார்கள். அடுத்த ஆண்டு மகள் கேபி பிறந்தாள். அன்பு என்றால் என்ன, வயிற்றில் குழந்தை எப்படி வளர்கிறது, புதிதாக ஒருவர் வந்தால் வீட்டில் என்ன மாறும் என்பதெல்லாம் அந்த இரண்டு பருவங்களில் பாடமாயின. மன்சானோ நிஜத்திலும் அப்போது தாயானவர். ஒரே ஆள் நடிக்கிறார், எழுதுகிறார், உண்மையிலேயே வயிற்றில் சுமக்கிறார். அதனால்தான் அந்தப் பகுதிகளில் போதனை வாடை குறைவு.

2015இல் விடைபெற்றார். 2021 அக்டோபர் 4 அன்று அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சியின் குழந்தைகள் பிரிவான பிபிஎஸ் கிட்ஸில் 'அல்மாஸ் வே' தொடங்கியது. உருவாக்கியவர் மன்சானோ, தயாரிப்பு ஃப்ரெட் ரோஜர்ஸ் புரொடக்‌ஷன்ஸ். கதாநாயகி அல்மா ரிவேரா, ஆறு வயது, பிராங்க்ஸில் அம்மா, அப்பா, தம்பி ஜூனியர், சாச்சோ என்ற நாயோடு இருக்கிறாள். அல்மா என்றால் ஸ்பானிஷில் ஆன்மா. தொடக்கப் பாட்டை எழுதியவர்களில் பாடலாசிரியரும் நடிகருமான லின்-மனுவல் மிராண்டாவும் ஒருவர். அரை மணி நேரப் பகுதியில் இரண்டு கதைகள், ஒவ்வொன்றும் 11 நிமிடம் அளவில். நான்கு முதல் ஆறு வயதுக் குழந்தைகளுக்கானது.

எல்லாக் கதைக்கும் ஒரே எலும்புக்கூடுதான். அல்மாவுக்கு ஏதோ ஒன்று தப்பாகப் போகிறது. யாரோ முகம் சுளிக்கிறார்கள், ஏதோ ஒன்று உடைகிறது, விளையாட்டில் ஒருவர் விலகிப் போகிறார். அவள் ஓடிக்கொண்டிருந்தவள் நிற்கிறாள். 'இதை யோசிக்கணும்' என்கிறாள். சற்று முன் நடந்தது அவளுடைய எண்ணத்தைக் காட்டும் மனக்குமிழிக்குள் மறுபடி ஓடுகிறது. முதல் முறை பார்த்தபோது நாமும் கவனிக்காத ஒரு முகபாவம், ஒரு சொல், ஒரு பொருள் இப்போது கண்ணில் படுகிறது. அதிலிருந்து ஒரு யோசனை பிறக்கிறது. அந்த யோசனை எப்போதும் பலிக்கும் என்றும் இல்லை.

இதே நிறுவனம் தயாரித்த 'டேனியல் டைகர்ஸ் நெய்பர்ஹுட்' தொடரோடு ஒப்பிட்டால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். டேனியலுக்குக் கோபம் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு குட்டிப் பாட்டு தயாராக இருக்கும். குழந்தை அதை மனப்பாடம் செய்துகொண்டு வீட்டில் பாடும், பலனும் உண்டு. அல்மாவிடம் தயார்ப் பாட்டு கிடையாது. நடந்ததைத் திரும்பிப் பார்க்கும் பழக்கம் மட்டும்தான் இருக்கிறது. மூன்று வயதுக் குழந்தைக்கு டேனியல் பொருந்தும். ஐந்தைத் தொட்டுவிட்டால் அல்மா.

சத்தமும் சண்டையும் நிறைந்த ஒரு வீட்டில், நின்று யோசிக்க ஒரு நொடிகூட வாய்க்காத சிறுமியின் கதையை அவர் 2015இல் எழுதினார். ஆறு ஆண்டு கழித்து, அதே பிராங்க்ஸில் ஒரு சிறுமியை உட்காரவைத்து, உலகத்தையே நிறுத்தி அவளுக்கு அந்த நொடியைக் கொடுத்திருக்கிறார். புத்தகத்தைப் படித்தவர்களுக்கு அந்த மனக்குமிழி சாதாரணக் கார்ட்டூன் உத்தியாகத் தெரியாது.

அத்தை மகன் மாமன் மகன் வரிசையில் வரும் எடி மாம்போவைத் தனியாகச் சொல்ல வேண்டும். பெருமூளை வாதம் உள்ள சிறுவன், காலில் தாங்கு பட்டை, கையில் ஊன்றுகோல். இசைப்பித்தன். அவனுடைய உடல்நிலையைப் பாடமாக்கி, பரிதாபப் பின்னணி இசை போட்டு யாரும் நம்மைச் சோதிப்பதில்லை. மற்ற பிள்ளைகளைப் போல அவனும் தப்பு செய்கிறான், கோபித்துக்கொள்கிறான், ஜெயிக்கிறான். ஸ்பானிஷ் சொற்களையும் இப்படித்தான் கையாள்கிறார்கள். ஒரு சொல்லைச் சொல்லி, கேமராவைப் பார்த்து அதன் பொருளை ஒப்பிக்கும் பழக்கம் இந்த வீட்டில் இல்லை. சாப்பிடும்போது, கொஞ்சும்போது, திட்டும்போது தானாக வந்து விழுகிறது. இரண்டு மொழி புழங்கும் வீடுகளில் பேச்சு அப்படித்தான் இருக்கும்.

குறை உண்டு. இந்த பிராங்க்ஸ் மிகவும் துப்புரவாக இருக்கிறது. கோபம் பதினோரு நிமிடத்துக்குள் தணிகிறது, பணக்கஷ்டம் எட்டிப் பார்ப்பதில்லை, அப்பாக்கள் எல்லோரும் பொறுமைசாலிகள். அந்தப் புத்தகத்தை எழுதிய கையா இதையும் எழுதியது என்று தோன்றும். நான்கு வயதுக்கு இவ்வளவுதான் சொல்ல முடியும் என்பது நியாயமே. ஆனாலும் 'செசமி ஸ்ட்ரீட்' 1983இல் கடைக்காரர் ஹூப்பரின் மரணத்தையே குழந்தைகளிடம் நேராகச் சொன்னது. அந்தத் துணிச்சலில் கொஞ்சம் இங்கும் வந்திருக்கலாம்.

பார்க்கும் முறையிலும் ஒரு தவறு நடக்கும். குழந்தையிடம் கைபேசியைக் கொடுத்துவிட்டு நாலைந்து பகுதிகளைத் தொடர்ந்து ஓடவிட்டால் இந்தத் தொடர் வேலை செய்யாது. மனக்குமிழி வரும் இடம் குழந்தைக்குக் கதைநடுவில் வரும் வேகத்தடையாகிவிடும், தாண்டிப் போய்விடும். ஒரு நாளைக்கு ஒரு கதை போதும். அல்மா நிற்கும் இடத்தில் நீங்களும் படத்தை நிறுத்துங்கள். 'அவ எதைப் பார்க்காம விட்டுட்டா?' என்று மட்டும் கேளுங்கள். 'அவ என்ன பண்ணணும்?' என்று கேட்டால் குழந்தை உங்கள் முகத்தைப் பார்த்து, உங்களுக்குப் பிடித்த பதிலைச் சொல்லும். பதில் வராவிட்டாலும் எடுத்துக்கொடுக்காதீர்கள், படத்தை ஓடவிடுங்கள். விடை அடுத்த நிமிடத்தில் வந்துவிடும்.

அமெரிக்காவில் இருப்பவர்கள் பிபிஎஸ் கிட்ஸ் செயலியில் பணம் கட்டாமல் பார்க்கலாம். அந்தச் செயலியின் காணொளிகள் மற்ற நாடுகளில் பெரும்பாலும் திறக்காது. யூடியூபில் பிபிஎஸ் கிட்ஸ் அலைவரிசையில் துண்டுக் காட்சிகள் கிடைக்கும்.

மன்சானோவின் மற்ற புத்தகங்களில் ஒன்றுதான் கட்டாயம்: 2012இல் வந்த 'தி ரெவல்யூஷன் ஆஃப் ஈவ்லின் செரானோ'. நாவல். 1969, நியூயார்க்கின் கிழக்கு ஹார்லம் பகுதி. மாநகராட்சி குப்பை அள்ளுவதில்லை. 'யங் லார்ட்ஸ்' என்ற புவெர்ட்டோ ரிக்கோ இளைஞர் அமைப்பினர் குப்பையைக் கூட்டி நடுத்தெருவில் குவித்துத் தீ வைக்கிறார்கள். அந்த ஆண்டு டிசம்பர் கடைசியில் ஒரு மெதடிஸ்ட் தேவாலயத்தைக் கைப்பற்றி, குழந்தைகளுக்குக் காலை உணவு போடுகிறார்கள். இவை நடந்த நிகழ்ச்சிகள். இவற்றுக்கு நடுவில் பதினான்கு வயதுப் பெண் ஒருத்தி, திடீரென்று வந்து சேரும் பாட்டி, 1937இல் புவெர்ட்டோ ரிக்கோவின் போன்சே நகரில் நடந்த படுகொலையின் நினைவு. லத்தீன் அமெரிக்க வம்சாவளி எழுத்தாளர்களின் இளையோர் நூல்களுக்குத் தரப்படும் புரா பெல்ப்ரே கௌரவ விருது 2013இல் இதற்குக் கிடைத்தது. தன்வரலாற்றின் வன்முறை அதிகம் என்று தயங்குகிறவர்கள் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு இதை முதலில் கொடுக்கலாம். குடும்பச் சண்டை இருக்கிறது, அடிதடி வீட்டுக்குள் இல்லை, தெருவில் இருக்கிறது. 2022இல் வந்த 'கமிங் அப் கியூபன்' காஸ்ட்ரோ ஆட்சியைப் பிடித்த 1959க்குப் பிந்தைய கியூபாவில் நான்கு குழந்தைகளின் கதை. நான்கில் எல்லாமே ஒரே தரத்தில் இல்லை.

சிறுவர் படப்புத்தகம் வேண்டுமென்றால் 2015இல் வந்த 'மிராக்கிள் ஆன் 133ர்ட் ஸ்ட்ரீட்' வாங்குங்கள். கிறிஸ்துமஸுக்கு வாங்கிய இறைச்சி வீட்டு அடுப்புக்குள் நுழையாத அளவு பெரிது. அப்பாவும் பையனும் அதைத் தூக்கிக்கொண்டு பீட்சா கடைக்குப் போய் அங்கே வேகவைத்துத் திரும்புகிறார்கள். கமகமவென்று மணத்தோடு அவர்கள் மாடியேறும்போது, அண்டை வீட்டார் ஒவ்வொருவராக எட்டிப் பார்க்கிறார்கள். ஐந்து நிமிடத்தில் படித்துக்காட்டிவிடலாம். இரவுச் சாப்பாடு முடிந்த பிறகு படியுங்கள், முன்னால் படித்தால் பசிக்கும்.